படபடப்பு, தூக்கமின்மை, தீராத உடம்பு வலி: மனநலக் கோளாறுகளை எப்படி இனம் காண்பது?

சேலத்தில் மனநலக் கோளாறு முதலில் போய் நிற்கும் இடம் பொது மருத்துவரின் மேசைதான். "கேஸ் டிரபிள் டாக்டர்", "நெஞ்சு பிடிக்குது", "உடம்பெல்லாம் வலி, காலையில எந்திரிக்கவே முடியல", "தலை பாரமாவே இருக்கு" என்றுதான் அது பேச ஆரம்பிக்கும். ஈ.சி.ஜி. எடுப்பார்கள், வயிற்றுக்கு ஸ்கேன் எடுப்பார்கள். எல்லாம் நார்மல் என்று வந்ததும் வீட்டில் பேச்சு மாறிவிடும்: "ஒண்ணுமில்லையாம், எல்லாம் மனசுதான், திடமா இரு." பலருக்கு வைத்தியம் அந்த இடத்தோடு நின்றுபோகிறது. ரிப்போர்ட் நார்மல் என்றால் இதயத்திலும் குடலிலும் கோளாறு இல்லை என்று மட்டும்தான் பொருள். வலி நிஜம், அதற்கு ஒரு காரணமும் உண்டு.

2015-16இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. கோளாறின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமல் இருந்தார்கள். பத்தில் ஒருவர் என்றால் ஒரு டவுன் பஸ்ஸில் நான்கைந்து பேர். இதில் பெரும்பகுதி மனச்சோர்வு, பதற்றம், குடி ஆகிய மூன்றும்தான். மூன்றுமே சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை.

நோயா, வருத்தமா?

தாயைப் பறிகொடுத்த மகள் அழுவது நோயல்ல. பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின இரவு தூங்காமல் புரளும் பையனுக்கு மாத்திரை வேண்டாம். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது வயிற்றைப் பிசைந்தால் உடம்பு சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். வருத்தத்தையும் நோயையும் பிரிக்க மூன்று கேள்விகள் உதவும். எத்தனை நாளாக இருக்கிறது? ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருக்கிறது? அதனால் எந்த வேலை நின்றுபோனது?

மூன்றாவது கேள்விதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அதற்கான பதில் கண்ணுக்குத் தெரியும். தறி ஓட்டுகிறவருக்கு அறுந்த இழையைப் பிணைக்க வழக்கத்தைவிட இரட்டிப்பு நேரமாகிறது. கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறவருடைய உருப்படிகள் அடிக்கடி திரும்பி வருகின்றன. தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர் பத்து நாளாகப் போடவில்லை. ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண் பாதி நாளில் செடியடியில் உட்கார்ந்துவிடுகிறார். சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் இது எப்போது தொடங்கியது என்று கேட்க வேண்டும். முன்பு ஓடியாடி வேலை செய்தவர் இரண்டு வாரமாக இப்படி இருக்கிறார் என்றால் அது குணம் அல்ல, மாற்றம்.

மனச்சோர்வு என்று மருத்துவர்கள் சொல்வதற்கு ஒரு வரையறை உண்டு. குறைந்தது 2 வாரம், நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட எல்லா நாளும், ஒன்பது அறிகுறிகளில் ஐந்தேனும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று மனம் கவிழ்ந்திருப்பதாகவோ, எதிலும் நாட்டமில்லாமல் போவதாகவோ இருந்தாக வேண்டும். மற்றவை: தூக்கம் குறைவது அல்லது மிகுவது, பசியும் எடையும் மாறுவது, அசதி, கவனம் நிற்காமை, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற குற்ற உணர்ச்சி, சாவைப் பற்றிய எண்ணம். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்து, மறுபடி தூங்க முடியாமல், அந்த நேரத்தில்தான் மனம் மிகவும் கனப்பது இதில் அடிக்கடி காணப்படும் அடையாளம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரத்தில், எதைச் செய்யவும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தது எத்தனை நாள்? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தது எத்தனை நாள்? இரண்டு கேள்விக்கும் தனித்தனியாக மதிப்பெண்: இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதிக்கு மேற்பட்ட நாட்கள் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது சளிக்காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது மாதிரி. காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது.

எல்லோருக்கும் மனச்சோர்வு அழுகையாக வருவதில்லை. ஆண்களிடம் எரிச்சலாகவும் குடியாகவும் வரும். வயதானவர்களிடம் மறதியாகவும் ஊர் பேர் தெரியாத வலிகளாகவும் வரும். 'பெரியவருக்கு ஞாபகமறதி நோய்' என்று வீட்டார் முடிவுகட்டிய சிலருக்கு மனச்சோர்வைக் குணப்படுத்தியதும் நினைவு தெளிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளிடம் திங்கட்கிழமை காலை வயிற்று வலியாக வரும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. அதனால் விடுதிப் பள்ளியில் இருக்கும் பிள்ளை 'வீட்டுக்கு வரணும்' என்று வாரக்கணக்கில் அழுதால் அதை வெறும் அடம் என்று தள்ளிவிட வேண்டாம்.

பிள்ளை பெற்ற பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், அல்லது குழந்தையைத் தொடவே மனமில்லாமல் போனால், அது சிகிச்சை வேண்டிய மனச்சோர்வு. பிரசவமான சில நாட்களில் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக எதையாவது நம்ப ஆரம்பித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். 'பச்ச உடம்பு, காத்து கருப்பு பட்டிருக்கும்' என்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

பதற்றமும், ஏற்காட்டு வளைவுகளும்

மூளைக்குள் அமிக்டலா என்றொரு சிறு பகுதி ஆபத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஆபத்து என்று அது முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குப் போகிறது. வயிற்றைக் கலக்குவதும் வாய் உலர்வதும் இதனால்தான். மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், தலை சுற்றும். நாய் துரத்தினால் இதெல்லாம் உயிரைக் காப்பாற்றும். நாயே இல்லாதபோது இந்த மணி அடித்தால் அதுதான் பதற்ற நோய்.

திடீரென்று உச்சத்துக்குப் போகும் பதற்றத் தாக்குதல் மாரடைப்பு போலவே இருக்கும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அரை மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆனால் முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் 'இது பதற்றம்தான்' என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரை உள்ளவர், புகைப்பவர் என்றால் ஒவ்வொரு தடவையும் இதே விதிதான்.

இதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு தாக்குதல் வந்தால், மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் தொடர வேண்டும். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் விஷயம், அதுதான் இதயத் துடிப்பை இறக்கும். பலர் செய்யும் தவறு, பதறிப்போய் ஆழமாக ஆழமாகக் காற்றை இழுப்பது. அது மரத்துப்போவதைக் கூட்டும்.

தாக்குதலைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான் வாழ்க்கையைச் சுருக்குகிறது. ஏற்காடு பஸ்ஸில் ஒரு தடவை படபடப்பு வந்தவர் அடுத்த தடவை பஸ்ஸைத் தவிர்க்கிறார், பிறகு மலையையே தவிர்க்கிறார், பிறகு கூட்டமான எந்தப் பஸ்ஸையும். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் கூடும், ஏனென்றால் 'போனேன், ஒன்றும் ஆகவில்லை' என்று மூளை கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை.

இதை மாற்றும் சிகிச்சை படிப்படியானது. சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, அதையே ஏணியாக வைத்துக்கொள்ளலாம். முதல் கட்டம், நம்பிக்கையான ஒருவரோடு காரில் அடிவாரம் வரை போய், பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துக்கொண்டு, அது பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருப்பது. 8இல் தொடங்கினால் 4 வரும்வரை. இருபது நிமிடமும் ஆகலாம், முக்கால் மணி நேரமும் ஆகலாம். அதையே மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் செய்து, அடிவாரம் சலித்துப்போன பிறகுதான் அடுத்த கட்டம்: ஐந்தாம் வளைவு வரை. பிறகு பத்து, பிறகு மேலே ஏரி வரை. பிறகு அதே பாதை துணையோடு பஸ்ஸில், கடைசியில் தனியாகப் பஸ்ஸில். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடிவந்தால் அன்றைய பயிற்சி தலைகீழாகிவிடும். 'தப்பித்ததால் பிழைத்தேன்' என்று மூளை எழுதிக்கொள்ளும். பாக்கெட்டில் மாத்திரையைத் தொட்டுக்கொண்டே போவதும் இதே கெடுதலைச் செய்யும். முன்னால் ஒரு உளவியலாளரோடு திட்டமிட்டுத் தொடங்குவது நல்லது. திருமண மண்டபம், லிஃப்ட், மேடைப் பேச்சு என்று எந்தப் பயத்துக்கும் இதே முறை பொருந்தும்.

குடி

தூக்கம் வரவில்லை என்று குடிக்கிறவர்கள் நிறைய. சாராயம் சீக்கிரம் கண்ணைச் செருக வைக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும், கனவுத் தூக்கத்தையும் வெட்டும். மறுநாள் பதற்றம் கூடும். அதைத் தணிக்க மறுபடி குடி.

இங்கே இரண்டு ஆபத்துகளைச் சொல்லியாக வேண்டும். பல வருடமாகத் தினமும் அதிகம் குடிப்பவர் ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்றே ஒரேயடியாக நிறுத்துவார். எண்ணம் நல்லது, உடம்பு தயாராக இருக்காது. ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே அரசு மருத்துவமனைக்குப் போனால் மாத்திரையும் தயமின் வைட்டமினும் கொடுத்துப் பத்திரமாக நிறுத்துவார்கள். இரண்டாவது, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுப்பது. டைசல்ஃபிரம் என்ற மருந்தைச் சாப்பிட்டவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். அவருடைய சம்மதமும் மருத்துவரின் கண்காணிப்பும் இல்லாமல் அதைத் தரவே கூடாது.

எதெல்லாம் மனதை இழுக்கிறது?

பரம்பரைக்குப் பங்கு உண்டு. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ மனச்சோர்வு இருந்தால் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. அது விதி அல்ல, முன்னெச்சரிக்கை. சிறு வயதில் அடி, பாலியல் சீண்டல், பெற்றோரைப் பிரிதல் எல்லாம் பல வருடம் கழித்தும் வேலை செய்யும். பெண்களுக்கு மனச்சோர்வு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. ஹார்மோன் ஒரு காரணம்; வீட்டில் நடக்கும் வன்முறையும் ஓயாத வேலையும் அதற்குக் குறைந்த காரணங்கள் அல்ல.

உடம்பை முதலில் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு குறைந்தால் அசதியும் மந்தமும், கூடினால் படபடப்பும் வரும். ரத்தசோகையும் பி12 குறைபாடும் மனச்சோர்வு போலவே நடிக்கும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பி12, சர்க்கரை ஆகிய நான்கு ரத்தப் பரிசோதனைகளை முதலிலேயே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு சுமார் இரு மடங்கு அதிகம். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் சர்க்கரை இறங்காதவரிடம் தூக்கத்தையும் மனதையும் பற்றிக் கேட்க வேண்டும்.

தூக்கத்தில் முக்கியம் படுக்கும் நேரத்தைவிட எழும் நேரம். தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்தால் இரண்டு மூன்று வாரத்தில் படுக்கும் நேரம் தானாகச் சீராகும். காப்பி உடம்பில் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆறு மணிக்குக் குடித்த டம்ளரில் பாதி இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் இருக்கும். மலைக்காப்பியை விட்டுக்கொடுக்க வேண்டாம், மதியம் இரண்டு மணியோடு நிறுத்துங்கள். விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் காலையில் வீடு திரும்பியதும் ஜன்னலைத் துணியால் இருட்டாக்கி, ஆறேழு மணி நேரத்தை ஒரே தவணையில் தூங்க வேண்டும். வீட்டார் அந்த நேரத்தில் எழுப்பாமல் இருப்பது பாதி வைத்தியம்.

பிறகு பணம். பாவு வராத வாரம், ஆர்டர் இல்லாத பட்டறை, லோடு கிடைக்காத லாரி, வாராவாரம் வந்து நிற்கும் குழுக் கடன். இவற்றை மூச்சுப் பயிற்சியால் தீர்க்க முடியாது, தீர்த்துவிடலாம் என்று சொல்வது அநியாயம். ஆனால் கடன் மனதில் இருக்கும்போது பெரிதாகத் தெரிவதும், தாளில் இருக்கும்போது ஒரு எண்ணாகத் தெரிவதும் உண்மை. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை என்று எழுதி வீட்டில் ஒருவரிடமாவது காட்டுங்கள். மைக்ரோ பைனான்ஸ் கடனை வசூலிக்கக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது, திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. இது தெரிந்தாலே சிலருக்கு ராத்தூக்கம் திரும்பும்.

உடலுழைப்பு மருந்துக்குச் சமமாகச் சிலருக்கு வேலை செய்யும். வாரம் 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி வேக நடை போதும். ஆனால் மனச்சோர்வில் இருப்பவரிடம் 'வாக்கிங் போ' என்றால் போக மாட்டார். 'ஆர்வம் வந்ததும் செய்கிறேன்' என்பார், ஆர்வமோ செய்த பிறகுதான் வரும். அதனால் பத்து நிமிடம், ஒரு துணை, ஒரு குறிப்பிட்ட நேரம். மாலை ஐந்தரைக்கு மூக்கனேரிக் கரை என்று நண்பர் வந்து கூப்பிட்டால் கால் நடக்கும்.

சிகிச்சையில் எங்கே தவறுகிறது?

மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சு சிகிச்சை தருவார், வாரம் ஒரு தடவை முக்கால் மணி நேரம், பெரும்பாலும் எட்டு முதல் பதினாறு அமர்வுகள். லேசான கோளாறுக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே போதும். கடுமையானதற்கு இரண்டும் வேண்டும்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இப்போது முதலில் தரும் மாத்திரைகள் போதை தருபவை அல்ல. அவை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்திலோ குமட்டல், தலைவலி, வயிற்றுக் கோளாறு, கொஞ்சம் கூடுதல் படபடப்பு எல்லாம் முன்னால் வந்து நிற்கும். கெடுதல் முதல் நாளே வருகிறது, நன்மை நான்காம் வாரம் வருகிறது. பத்தாம் நாள் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறு: மூன்றாம் மாதம் நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுவது. சரியான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் மெல்லக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் கிறுகிறுப்பும் தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் வரும்.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற 'தூக்க மாத்திரை'கள் வேறு ரகம். அவை அரை மணியில் அமைதி தரும், சில வாரத்திலேயே பழக்கமாகும். பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடுவதால் வரும் சிக்கல் இதில்தான் அதிகம். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் பல நாள் அளவுகடந்த உற்சாகத்தில் இருந்து, பணத்தை வாரி இறைத்ததுண்டு என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவருக்கு மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த உற்சாகம் வெறியாக மாறிவிடக்கூடும்.

காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் சதி செய்கிறார்கள் என்கிறவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதில் தவறில்லை, மருந்தையும் சேர்த்துக் கொடுங்கள். சிகிச்சை தாமதமாகத் தாமதமாகக் குணமாவது கடினமாகும். கட்டிப்போட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். சங்கிலியிடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். "என்ன கண்ணு, பத்து நாளா ஒழுங்கா சாப்பிடறதில்லை, யார்கிட்டயும் பேசறதில்லை. செத்துப்போயிடலாம்னு ஏதாவது தோணுதா? சொல்லு சாமி, நான் திட்டமாட்டேன்." கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டவரிடம்தான் அது வெளியே வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மருத்துவரிடம் போங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொண்டு, அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

எங்கே போவது? 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபர் 10இலிருந்து இயங்குகிறது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை உண்டு. சேலம் நகரில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும்போது 'மனநலப் பிரிவு' என்று கேட்டால் போதும், சிகிச்சையும் மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தில் வெளியூர் அரசு மருத்துவமனைகளுக்கும் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாளில் வருவதுண்டு; எந்த நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலை ஊர்களிலிருந்து கீழே வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடும், மாத்திரை நின்றுபோவதற்குப் பெரிய காரணமே அந்தக் கூலிதான். அதனால் நிலைமை சீரானதும் ஒரு மாத மருந்தைச் சேர்த்துக் கேளுங்கள், இடையில் வரும் சந்தேகங்களுக்கு 14416ஐப் பயன்படுத்துங்கள்.

முதல் தடவை போகும்போது கூடவே வீட்டில் இருக்கும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின ஒரு வாரம் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், அந்த ஒரு தாளிலிருந்து மருத்துவர் பாதி விஷயத்தைப் படித்துவிடுவார்.